பாங்குக்கு முந்திய சத்தம்

பெற்றறி அசிட் துணியில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. கழுவிக் காயப்போட்ட பிறகுதான் அந்த இடம் பொத்தலாகி உதிரும். என் வெள்ளைச் சீருடையில் வயிற்றுப் பக்கம் முழுக்க அப்படிப் பொத்தல்கள் இருந்தன. வகுப்பில் பக்கத்தில் இருந்தவள், "எலி கடிச்சதா?" என்று கேட்டாள். "ஓம், எலிதான்" என்றேன். எலி கடிக்க வேண்டுமென்றால் பெட்டி வேண்டும், பெட்டி வைக்க வீடு வேண்டும். அதனால் அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினொரு வயதிருக்கும். கல்முனைச் சந்தைக்குப் பின்னால் பெற்றறி சார்ஜ் பண்ணும் கடையொன்று இருந்தது. அதன் பின்புறத் தகரக் கொட்டிலில், செத்துப்போன பெற்றறிகளுக்கும் றேடியோக் கூடுகளுக்கும் நடுவில் சாக்கு விரித்துப் படுப்பேன். காலையில் சந்தைக் குழாயடியில் முகம் கழுவி, சீருடையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். பகலில் திரும்பி வந்து, சார்ஜ் ஏறிய பெற்றறிகளை வீடு வீடாகத் தள்ளிக்கொண்டு போவேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் "பாவம்" என்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். யாரும் பாவம் பார்த்து அதை எனக்குத் தரவில்லை.

வாப்பா சவளக்கடைப் பக்கம் நெல் வேளாண்மை வெட்டப் போனவர். பிரச்சினை என்று நாங்கள் சொல்கிற சண்டை தொடங்கிய வருசத்தில் போனவர் திரும்பி வரவேயில்லை. உம்மா என்னைத் தன் தங்கச்சியிடம், என் சாச்சியிடம், விட்டுவிட்டு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனா. எழுதத் தெரியாதவ, அதனால் கசட்டில் பேசிப் பதிந்து அனுப்புவா. ஒரு கசட் வந்தது. பிறகு இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சாச்சியின் புருசன் சாச்சாவுக்கு, உம்மாவிடமிருந்து சாமான் வரும்வரை நான் வீட்டுப் பிள்ளை. அது நின்ற பிறகு நான் எங்கே இருந்தாலும் அவருக்கு இடைஞ்சல். தண்ணீர் குடித்தால்கூட கோப்பையைப் பார்ப்பார். ஆனாலும் அவர் என்னைத் துரத்தவில்லை. ஒருநாள் சந்தைப் பக்கம் போய் இருட்டும்வரை இருந்து பார்த்தேன். யாரும் தேடி வரவில்லை. மறுநாளும் அப்படியே இருந்தேன்.

அந்தக் காலத்துக் கல்முனை ஒரு விசித்திரமான டவுன். பொழுது சாயுமுன்னே கடைகள் பலகை போட்டுவிடும். சந்தியில் தார்ப் பீப்பாய்க்குள் மண் நிரப்பி ஆமிக்காரர் சென்ட்ரி வைத்திருந்தார்கள். அவர்களுடைய பெரிய விளக்கு மட்டும் ஜெனரேட்டரில் பகல் மாதிரி எரியும். அதைத் தாண்டினால் சந்து போன்ற ஒழுங்கைகள் எல்லாம் கறுப்பு. லைன் கம்பங்கள் விழுந்தது விழுந்தபடி கிடந்தன. கரண்ட் வந்தால் அன்றைக்குப் பெருநாள். அப்படியிருந்தும் அந்த ஊரில் இல்லாத மெசின் இல்லை. சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் பெண்கள் அனுப்பிய டீவியும் டேப்பும் தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீடுகளுக்குள் பிளாஸ்டிக் பூ வைத்து நின்றன. அவற்றுக்கு உயிர் வரவேண்டுமென்றால் கார் பெற்றறி வேண்டும். மாலையில் களிமண் சுவரில் விழுந்த வெடிப்பால் நீல வெளிச்சம் தெரியும். ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து அடுத்த வீட்டு ஜன்னலுக்கு வயர் ஓடும். வெளிநாட்டுக்குக் கதைக்கிற டெலிபோன் கடை வாசலில் பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் போனவர்கள் அழுதுகொண்டே வெளியே வருவார்கள். உள்ளே என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்த ஊரில் நான் வாழ்ந்த விதம் இதுதான். டெலிபோன் கடை வரிசையில் பெண்களுக்காக இடம் பிடித்துத் தருவேன், அவர்கள் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். எரிந்த வயரை உரித்துச் செம்பு எடுப்பேன். றேடியோ திருத்துகிறவர்களின் மேசைக்குக் கீழே விழுந்த ஈயத் துளிகளைப் பொறுக்கி அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துப் பாண் வாங்குவேன். சைக்கிள் டைனமோவில் சின்ன றேடியோவைப் பாட வைக்கத் தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துக்கொண்டு நின்றால் துரத்துவார்கள், துரத்தும்வரை பார்ப்பேன். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கண்ணில் படாமல் இருக்கத் தெரிந்தது. யாருக்கும் நினைவு வராத ஒரு பிள்ளையை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது.

அனுப்ப ஓர் இடம் காத்திருந்தது. சாச்சாவுக்குத் தெரிந்த வான்காரர் ஒருவர் கொழும்பில் வீடுகளுக்கு வேலைக்கு என்னைப் போன்ற பெண் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறவர். எங்கள் ஒழுங்கையிலிருந்து அப்படிப் போன ஒருத்தியை எனக்குத் தெரியும். என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவள். அவளுடைய இடத்தில் இப்போது வேறொருத்தி இருந்தாள், அவளைப் பற்றி ரீச்சர்கூடக் கேட்கவில்லை. சாச்சா இரண்டு தரம் கடைக்கு வந்து என்னைக் கேட்டார். பெற்றறிக் கடைக்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், தலையை நிமிர்த்தாமலே, "இரிக்கட்டும், பெற்றறி தள்ள எனக்கு ஆள் வேணும்" என்றார். அன்பினால் சொன்னதல்ல. அந்தச் சொல் இருக்கும்வரை நான் பள்ளிக்கூடம் போகலாம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நோன்பு மாதம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு அது விடுமுறைக் காலம். பெருநாள் முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் இந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதுதான் என் யோசனையெல்லாம். கொழும்பு வீடுகளில் நோன்புக்கு வேலை அதிகம். வான்காரர் அடிக்கடி வந்து போனார்.

எங்கள் குறிச்சிப் பள்ளிவாசலின் ஸ்பீக்கரும் பெற்றறியில்தான் ஓடியது. பெற்றறியை மாற்றி வைப்பது என் வேலை. பழைய பிள்ளை வண்டியின் சக்கரம் பூட்டிய பலகையில் பெற்றறியை வைத்துத் தள்ளிக்கொண்டு போவேன். பள்ளியின் பக்கத்து அறையில், ஜன்னலுக்குக் கீழே, அம்பிளிபயர் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. வயரைக் கழற்றிப் புது பெற்றறியில் மாட்டிவிட்டு வருவேன். தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லுகிற மோதினார் நல்ல மனிதர். பேச்சுக் குறைவு. நான் போகும்போது கஞ்சி ஒரு கோப்பையில் மூடி வைத்திருப்பார், "எடு" என்று கையைக் காட்டுவார். அவ்வளவுதான்.

இனி அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோன்பு திறக்கிற மாலைப் பாங்குக்கு மோதினார் மைக்கைப் போடும்போது ஸ்பீக்கரில் "டொக்" என்று ஒரு சத்தம் வரும். பிறகு அவர் தொண்டையைச் செருமுவார். பிறகுதான் பாங்கு. கரண்ட் இல்லாத ஊர், வீதியில் வாகனம் இல்லை, எல்லோரும் கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்கிற நேரம். அந்த "டொக்" எல்லா வீட்டுக்குள்ளும் விழும். ஆரம்பத்தில் அதைக் கேட்டதும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தார்கள். நாள் போகப் போக, எடுத்த பழம் அப்படியே வாய்க்குப் போகப் பழகிவிட்டது. டொக்குக்கும் பாங்குக்கும் நடுவில் ஒரு மூச்சுத்தானே என்ற நினைப்பு. எங்கள் குறிச்சியில் பாதிப் பேர் நோன்பு திறந்தது பாங்குக்கல்ல, அந்தச் சத்தத்துக்குத்தான். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

ஒருநாள் பின்னேரம் அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போதே பள்ளிப் பெற்றறி இறங்கிவிட்டது. பாதியில் குரல் மெலிந்து நின்றது. கடையில் ஜெனரேட்டர் மக்கர் பண்ணி, சார்ஜ் ஏறிய பெற்றறி கிடைக்கவே நேரமாகிவிட்டது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தால் சந்தியில் ஆமிக்காரன் மறித்தான். புதிய ஆள். பெற்றறி என்றால் அவர்களுக்குச் சந்தேகம். "மொகத?", என்ன இது, என்று சிங்களத்தில் கேட்டுத் துவக்கால் காட்டினான். பள்ளிக்கு, பாங்குக்கு என்று காதில் கையை வைத்துக் காட்டினேன். அவன் மூடிகளைக் கழற்றச் சொன்னான். ஒவ்வொன்றாகக் கழற்றினேன். குனிந்து மணந்து பார்த்தான், அசிட் மூக்கில் ஏறித் தும்மினான், பக்கத்தில் நின்றவன் சிரித்தான். சிரிப்பு முடியும்வரை நான் நிற்க வேண்டியிருந்தது. மாரி முடிந்தும் முடியாத நாட்கள், வானம் முழுக்க மூட்டம். சூரியன் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு பின்னேரம்.

பள்ளிக்குப் போனபோது வெளிப் பந்தலில் ஆண்கள் கஞ்சிக்கு முன்னால் வரிசையாக இருந்தார்கள். மோதினார் தண்ணீர்த் தொட்டி ஹவுளடியில் கை கால் கழுவி வுளூச் செய்துகொண்டிருந்தார். நான் அறைக்குள் போய் வயரை மாட்டினேன்.

டொக்.

அஸருக்குக் குரல் நின்றபோது மோதினார் சுவிச்சை அமத்தவில்லை. அது மேலே போட்டபடியே இருந்தது. நான் வயரை வைத்ததும் ஸ்பீக்கர் உயிர் பெற்றது.

முதலில் பந்தலில் கோப்பைகள் தூக்கும் சத்தம் கேட்டது. கஞ்சி உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பாங்கைக் காணவில்லை. யாரோ ஒருவர், "மோதினாரே, என்ன, மறந்துட்டீங்களா?" என்று கூப்பிட்டார். மோதினார் கை நனைந்தபடி ஓடி வந்தார். "இன்னும் நேரமாகல்லியே. ஆரு திறக்கச் சொன்னது?" என்றார்.

அந்த அமைதி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் ஒரு பந்தல் முழுக்க ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கஞ்சி மட்டுந்தான்."

"நான் ரெண்டு வடையும் திண்டுட்டன். அல்லாஹ்வே!"

"டொக்கெண்டு கேட்டுதே! உனக்குக் கேக்கல்லியா?"

"எனக்குக் கேட்டுது. எனக்கு மட்டுமா, கடற்கரை வரைக்கும் கேட்டிரிக்கும்."

பள்ளியைச் சுற்றியிருந்த ஒழுங்கைகளிலும் அதே கதை. வேலிக்கு மேலால் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்டார்கள். மௌலவி நிதானமாகத்தான் சொன்னார். தெரியாமல் நடந்தது, பாவமில்லை, ஆனால் நேரத்துக்கு முன்னால் திறந்த அந்த நோன்பை வேறொரு நாளில் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்றார். இன்னொரு முழுப் பகல். அதைக் கேட்டதும் களைத்துப்போய் இருந்த ஊர் கோபத்துக்கு ஆள் தேடியது. பக்கத்துக் குறிச்சிக்காரர் மறுநாளே எங்கள் பள்ளிக்கு டொக்குப் பள்ளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "உங்கட பக்கம் பாங்கு ரெண்டு தரமாமே?" என்று மீன் சந்தையில் கேட்டார்களாம். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்த பார்வை வேறு.

மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து பள்ளி வெளிவிறாந்தையில் கூடினார்கள். பள்ளிக் காரியம் பார்க்கிற மரைக்கார் நடுவில் இருந்தார். கடைக்காரக் காக்கா ஓரமாக நின்றார். சாச்சாவும் வந்திருந்தார், அவரை யார் கூப்பிட்டது என்று தெரியவில்லை. என்னை ஹவுளடியில் நிற்கச் சொன்னார்கள்.

"ஆரு புள்ள உனக்கு மைக்கப் போடச் சொன்ன?" என்றார் மரைக்கார்.

"நான் போடல்ல. வயர் மட்டுந்தான் மாட்டின. சுவிச்சு முதலே மேல இரிந்த."

"வாய் நீளம்" என்றார் ஒருவர்.

"நீளமில்ல. கேட்டாரு, சொன்னன்."

எல்லோரும் மோதினாரைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "ஓம். அஸருக்குக் குரல் நிண்ட நேரம் நான் அமத்த மறந்துட்டன். புள்ள சொல்றது உண்ம" என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். என் மேல் பிழை இல்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லியாகிவிட்டது. ஆனால் அவ்வளவு நேரமும் நான் அவர்கள் கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அதுதான் பிழையாகப் போனது.

மரைக்கார் கடைக்காரக் காக்காவைக் கேட்டார். "இந்தப் புள்ள எங்க படுக்குது?"

"கடைக்குப் பின்னால. கொட்டில்ல."

"தனியவா?"

காக்கா வெளியே ஒழுங்கையைப் பார்த்தார்.

"பொம்புளப் புள்ள. நாளைக்கோ மறுநாளைக்கோ பெரிசாகப் போகுது. சந்தைக்குள்ள படுக்குது. நாம எல்லாரும் பாத்துக்கிட்டு இரிந்திரிக்கம்" என்றார். குரலில் கோபமில்லை. உண்மையிலேயே கவலைப்பட்டார். எனக்கு அது கோபத்தைவிடப் பயமாக இருந்தது. "ஒரு ஊட்டுல இரிக்கணும். இல்லாட்டி சாச்சாட பொறுப்பு."

சாச்சா இதற்காகவே காத்திருந்தவர் போலத் தலையாட்டினார். "கொழும்புல நல்ல இடம் இரிக்கி. வெள்ளிக்கிழம வான் போகுது. பள்ளிக்கூடமும் லீவுதானே."

திரும்பி வரும் வழியில் கடைக்காரக் காக்கா என் முகத்தைப் பார்க்காமல் கதைத்தார். "புள்ள, நான் பொஞ்சாதி புள்ள உள்ளவன். பள்ளிச் சொல்லத் தட்டேலா. பகல்ல வா, வேல செய். படுக்கிறதுக்கு ஒரு ஊட்டப் பாரு. வெள்ளிக்கிழம வரைக்கும் இரி."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணத்தின்போது உம்மா வாப்பா மகளுக்கு ஒரு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பவர். பள்ளியில் ஆண்கள் என்ன தீர்மானித்தாலும் ஒரு வீட்டின் அடுப்படியில், குசினியில், யார் படுப்பது என்பதை அந்த வீட்டுக்காரிதான் சொல்ல வேண்டும். பெற்றறி தள்ளித் தள்ளி எல்லா வீட்டுக் குசினி வாசலும் எனக்குத் தெரியும். அதனால் ஆண்கள் யாரிடமும் போகவில்லை.

முதலில் பெரிய டீவி உள்ள வீட்டுக்குப் போனேன். அந்த ராத்தா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எனக்கு ரெண்டு கொமரு இரிக்கி. மூணாவது கொமரையும் ஆரு காவல் காக்கிற?" என்றா. அடுத்த வீட்டில், "மனிசனத்தான் கேக்கணும்" என்றார்கள்.

"உங்கட ஊடுதானே ராத்தா" என்றேன்.

"படிச்ச வாயக் காட்டாத. போ."

சாச்சியின் வீட்டுக்கும் போனேன். போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன், ஆனால் கால் போய்விட்டது. சாச்சா வெளியே போயிருந்த நேரம். சாச்சி வேலிக் கடப்படிக்கு வந்து நின்றா. என் தலையில் எண்ணெய் இல்லை என்று சொன்னா. ஒரு துண்டு பாணை மாசிச் சம்பலோடு சுற்றிக் கையில் வைத்தா, நோன்பு திறந்ததும் தின்னச் சொன்னா. அந்த வீடும் சாச்சியுடையதுதான். உள்ளே வா என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பாணைத் தின்றேனா இல்லையா என்று இப்போது யோசித்தாலும் நினைவு வருவதில்லை. எனக்கு அப்போது களைப்பு மட்டுந்தான் இருந்தது. பெற்றறி தள்ளும்போது வருகிற களைப்பு அல்ல. ஒவ்வொரு வாசலிலும் ஒரே கதையை முதலிலிருந்து சொல்வதில் வருகிற களைப்பு.

கடைசியாக மிஞ்சியது மோதினாரின் வீடு. அவருடைய மனைவியின் வாய்க்கு ஒழுங்கையே பயப்படும். புருசனை நான் எல்லோருக்கும் முன்னால் தலைகுனிய வைத்தவள். அதனால்தான் அந்த வாசலைக் கடைசியாக வைத்திருந்தேன்.

மாமி முற்றத்தில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் கை நின்றது. "என்னத்துக்குக்கா வந்தாய்? என்ட மனிசன் நேத்தையிலிருந்து கதைக்கிறாரில்ல. பகலைக்கு ஒரு வாய் தின்னவுமில்ல, தெரியுமா?"

"நோன்புதானே மாமி."

மாமி என்னை முறைத்தா. வாயின் ஒரு பக்கம் கொஞ்சம் இழுபட்டது. உடனே அதை அடக்கிக்கொண்டா. "நக்கலா? சுவிச்சு மேல இரிந்த எண்டு ஊருக்கு முன்னால சொல்லணுமா?"

"சொல்லாட்டி நான் போட்டதாப் போயிரிக்கும்."

"சரி, சொன்னாய். இப்ப என்ன வேணும்?"

"படுக்க எடம். குசினில போதும். சும்மா இல்ல. உங்கட ஊட்டுக்கு வெளிச்சம் தாறன்."

"வெளிச்சமா? கரண்ட் கந்தோர்க்காரன் தராத வெளிச்சத்தயா நீ தரப்போறாய்?"

திருவலைக்குப் பக்கத்தில் மாமியின் கடைசி மகள் இருந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளத்தது. போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி வைக்கிற குப்பி விளக்கு தட்டுப்பட்டுச் சுட்ட காயம். எங்கள் ஒழுங்கைகளில் அப்படிப்பட்ட கைகள் நிறைய இருந்தன. நான் அந்தக் கையைப் பார்த்ததை மாமி பார்த்தா.

"ஒரு பெற்றறில ஆறு அறை இரிக்கி மாமி" என்றேன். "டீவிக்கு ஆறும் வேணும். ரெண்டு அறை செத்தா கடையில எறிஞ்சிருவாங்க. மத்த நாலும் உயிரோட கிடக்கும். அதுல சின்ன பல்பு எரியும். பின்னால குவிஞ்சி கிடக்கு, ஆருக்கும் வேணாம். காக்காவக் கேட்டா தருவாரு. சார்ஜ் போட்டு நானே கொண்டு வருவன். எண்ணெய் வேணாம், நெருப்பு வேணாம்."

"வெடிக்குமா?"

"வெடிக்காது. அசிட்டத் தொடக் கூடா. அத உசரத்தில வைப்பன்."

மாமி தேங்காயை எடுத்து மறுபடி திருவினா. பாதித் தேங்காய் முடியும்வரை நான் நின்றேன்.

"நாளைக்குக் கொண்டு வந்து எரிச்சிக் காட்டு. எரிஞ்சாப் படு. எரியாட்டிப் போ" என்றா.

மறுநாள் மோட்டார் சைக்கிளின் பின் பல்பு ஒன்றை, முட்கம்பி வைத்துக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டேன். அது சிவப்புக் கண்ணாடி கழற்றிய பல்பு. வெளிச்சம் மஞ்சளாக, நோயாளி மாதிரித்தான் வந்தது. மாமி அதற்குக் கீழே ஒரு பீங்கானைப் பிடித்து, அதில் கிடந்த அரிசியில் கல்லைத் தேடினா. ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, "ம்" என்றா. மோதினார் வாசலில் நின்று பல்பைப் பார்த்தார். அன்றைக்கும் ஒரு கோப்பை கஞ்சி மூடி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாச்சா வந்தார். வான்காரரும் கூட வந்தார். வான் எஞ்சினை நிறுத்தாமல் வீதியில் நின்றது. நான் குசினிக்குள் இருந்து கிடுகு இடுக்கால் பார்த்தேன். மாமி கடப்படியில் இரண்டு பக்கமும் கை வைத்து நின்றா.

"புள்ளய அனுப்புங்க" என்றார் சாச்சா.

"எந்தப் புள்ள?"

"விளையாட வேணாம். பள்ளியில தீர்மானிச்சது."

"பள்ளியில என்ன தீர்மானிச்ச? ஒரு ஊட்டுல இரிக்கணும் எண்டுதானே? இது என்ன, உங்கட கண்ணுக்கு மாட்டுக் கொட்டிலா?"

சாச்சா, உள்ளே நின்ற மோதினாரை எட்டிப் பார்த்தார். "நீங்களாவது ஒரு கத கதைங்களன்."

மோதினார் சாரனைத் தூக்கிக் கட்டினார். "ஊடு அவட" என்றார்.

"கேட்டதா?" என்றா மாமி. "என்ட உம்மா எனக்குத் தந்த ஊடு. இஞ்ச ஆரு படுக்கிற எண்டு நான்தான் சொல்லுவன். மரைக்காருக்கு வேணுமெண்டா வந்து கேக்கட்டும். அவர்ட பொஞ்சாதியும் டொக்குக்குத்தான் திறந்தவ, அதயும் சேத்துக் கதைப்பம்."

வான்காரர் வெயிலில் நிற்க விரும்பாதவர் போல முதலில் திரும்பினார். அவருக்கு நான் இல்லாவிட்டால் இன்னொருத்தி. சாச்சா இன்னும் கொஞ்சம் நின்றார். உம்மா வந்து கேட்டால் தான் பொறுப்பில்லை என்றார். உம்மா வந்து கேட்கப் போவதில்லை என்று அந்த முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். எனக்கும்தான்.

வான் போன பிறகு சந்தோசம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுப்படியில் அப்படியே இருந்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நான் கேட்டு வாங்கியதல்ல, விலை பேசி வாங்கியது என்றும் தோன்றியது. எனக்கு இப்போதும் இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. மாமியிடம் கேட்டால் அவவும் அப்படித்தான் சொல்லுவா.

மாமி உள்ளே வந்து முக்காட்டால் முகத்தைத் துடைத்தா. பிறகு குசினிக் கூரையை அண்ணாந்து பார்த்து, விரலால் இடம் காட்டினா.

"இஞ்சால ஒழுகும். அங்கால கடைசி மகள் படுப்பா. நீ கதவடில படு. ராவைக்குக் கோழி கத்தினா எழும்பிப் பாக்கிற உன்ட வேல."

"ஓம் மாமி."

"பள்ளிக்கூடம் எப்ப?"

"பெருநாள் கழிச்சி."

"ம். அப்ப அதுவரைக்கும் தேங்காய் நீதான் திருவுற" என்று திருவலையை என் பக்கம் காலால் தள்ளினா.